கற்றவன் மாணவனாதல்

கற்றுத் தேர்ந்த ஒருவன் மீண்டும் முதற் பாடத்திற்கு உட்காருவது இழிவா? இதுவே நாம் ஆராயப் புகும் கேள்வி.

அயர்லாந்து மக்களின் நடன இசைக்குத் தகரக் குழல் ஒன்று உண்டு. ஆறே துளைகள், விலையும் சொற்பம். 1843-ஆம் ஆண்டு முதல் ராபர்ட் கிளார்க் என்னும் ஆங்கிலேயர் அதைத் தகரத்தாற் செய்து விற்று, ஏழையின் கைக்கும் எட்டச் செய்தார். மேனாட்டுச் சங்கீதத்தை முறையாகப் பயின்ற வித்துவான் அதைக் கையிலெடுத்தால், ஸ்வரங்களை ஒரே நாளில் வாசித்துவிடலாம். ஆயினும் அயர்லாந்துக் கிராமத்தானுக்கு அது தன் பாட்டாகத் தோன்றாது. சிகாகோ நகரப் போலீஸ் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஓநீல் 1907-இல் 1001 நடனப் பாட்டுகளை அச்சிட்டார். ஏட்டில் இருப்பது எலும்பு. விரலின் வெட்டும் தட்டும், தாளத்தின் அசைவும் செவிவழியே வர வேண்டும். நம் கமகமும் அத்தகையதன்றோ?

பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பியரிடம் பிடில் கற்று, அதை நம் இசைக்கு உரியதாக்கினார். அது அயலார் கருவியை நம் வீட்டிற்குக் கொண்டு வந்த அருஞ்செயல். அயலார் வீட்டிற்குத் தானே போய் அமர்வது வேறு. அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் (1939–1984) அதைச் செய்தார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை பயின்ற அவர், நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் சகோதரர்களாகிய விஸ்வநாதன், ரங்கநாதன் இருவரிடமும் மாணவரானார். திருவையாற்று ஆராதனையிலும் பாடினார். தமிழ் மக்கள் அவரை ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்றே அழைத்தனர்.

அங்ஙனமாயின் முன் கற்ற கல்வி வீணா என்று கேட்கலாம். வீணன்று, பழகிய செவியும் பொறுமையும் துணை நிற்கும். தடையாக நிற்பது வேறொன்று. கல்வி நமக்குத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தைத் தருகிறது. “இது சுருதி பிசகு, இது முரட்டுத்தனம்” என்று, விளங்கிக்கொள்ளுமுன்பே சொல்லிவிடுகிறோம். பிறர் இசையின் நியாயம் நமக்குப் புலப்படும்வரை அந்தத் தீர்ப்பை ஒத்திவைப்பதே மாணவனின் முதற் கடமை. விரலைப் பழக்குவது எளிது, இதுவோ அரிது.

இக்கேள்வி நம் பேராக்கிற்குத் தூரத்ததன்று. ரப்பர்த் தோட்டங்கள் பல மறைந்தன. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். உறுமி மேளமும் அவர்களோடு பெயர்ந்து, கோயில் திருவிழாக்களில் இன்றும் ஒலிக்கிறது. ஆங்கிலம் கற்ற நாம் பிள்ளைகளை ஈப்போவிற்குப் பியானோ வகுப்புக்கு அனுப்புகிறோம். பரீட்சைச் சான்றிதழைச் சுவரில் மாட்டுகிறோம். அது நன்றே. ஆனால் அதே பிள்ளை, “உறுமிக்காரரிடம் போய்க் கற்கிறேன்” என்றால் நம் முகம் ஏன் சுருங்குகிறது? வாசிப்பவரின் சாதியையும் படிப்பையும் முதலில் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு “அது வெறும் சத்தம்” என்கிறோம். செவி தீர்ப்புச் சொல்வதாக நினைக்கிறோம், சொல்வதோ செருக்கு.

வெளிநாட்டான் நம் வித்துவான் முன் அமர்ந்தால் பெருமைப்படுகிறோம். நம் பிள்ளை நம் தெருக் கலைஞர் முன் அமர்வதற்கும் அதே மரியாதை உரியதன்றோ? அன்பர்கள் சிந்திப்பார்களாக.