முதியோர் நினைவும் பிதிர்க்கடனும்

இல்வாழ்வான் ஆற்றவேண்டிய கடமைகளைக் கூறவந்த திருவள்ளுவர், தெய்வத்துக்கும் விருந்தினருக்கும் முன்னதாகத் தென்புலத்தாரை வைத்தார். தென்புலத்தார் என்போர் மறைந்த முன்னோர். ஆடி அமாவாசையில் தந்தையையும் சித்திராப் பூரணையில் தாயையும் நினைந்து விரதமிருப்பது ஈழத்துச் சைவ மக்களின் வழக்கம். எள்ளும் நீரும் இறைக்கும் வேளையில் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்ல வேண்டும். பலர் பாட்டனோடு நின்றுவிடுகின்றனர். பெயரே அறியாதவருக்குக் கடன் கழிப்பது எங்ஙனம்? ஆகவே பிதிர்க்கடன் தீர்த்தக் கரையில் தொடங்குவதன்று. வீட்டு விறாந்தையில் இருக்கும் அப்பாச்சியிடமோ அம்மப்பாவிடமோ கேட்பதில் தொடங்குவதாகும்.

வன்னியில் இக்கேள்விக்குத் தனியான அவசரம் உண்டு. இங்குள்ள குடும்பங்களுட் சில பரம்பரையாக இம்மண்ணில் வாழ்ந்தவை. சில இரணைமடுக் குளத்து நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டியவை. வேறு சில 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்தவை. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் சாதகக் குறிப்புகளும் கலியாணப் படங்களும் காணி உறுதிகளும் வழியெங்கும் கைவிடப்பட்டன. பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். முதற் கிணற்றை வெட்டியவர் யார், எந்தப் பஞ்சத்தில் எந்த அயலவர் நெல் தந்தார் என்பவற்றுக்குப் பிரதி இல்லை. அவை மூத்தோர் நெஞ்சில் மட்டுமே உள்ளன.

எனினும் கேட்பதற்கும் ஓர் அறம் உண்டு. பேரப்பிள்ளை பெயர்களை எழுதிக்கொண்டே வருகின்றான். அப்பாச்சி ஒரு மகனின் பெயரைச் சொல்லி, அதன்மேற் பேசாதிருக்கின்றார். 2009 இற்குப் பின் அம்மகனைக் கண்டவர் இல்லை. அப்பெயரைப் பிதிர்களின் வரிசையில் எழுதுவதா, இருப்போரின் வரிசையில் எழுதுவதா? நெடுங்காலம் திரும்பாதவருக்குக் கிரியை செய்துவிடலாம் என்போர் உளர். அது ஆறுதல் தருமாயின் நன்றே. ஆயின் தாய் இன்னும் வாசலைப் பார்த்திருக்கையில், அப்பெயருக்கு எள் இறைக்குமாறு வற்புறுத்துவது கடன் கழிப்பதாகாது.

2017 பெப்ரவரி 20 ஆம் நாள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலிலேயே தமது தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். பிள்ளை எங்கே என்ற கேள்வியை அவர்கள் இறைவன் சந்நிதியிலேயே வைத்தனர். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று சான்றிதழ் வழங்க 2016 ஆம் ஆண்டுச் சட்டமும் இடமளித்தது. சட்டமே இறந்தோர்க்கும் இருப்போர்க்கும் இடையில் ஓர் இடத்தை ஏற்றுக்கொண்டபோது, குடும்ப வரலாறு அவ்விடத்தை மறுக்கலாகாது. அப்பெயரை எழுதி, அருகே வெற்றிடம் விட்டுவைப்பதே பொருத்தமாகும். அதை நிரப்பும் உரிமை அத்தாய்க்கே உரியது.

மூத்தோர் சொல்வதைக் கேட்பது ஒரு தொண்டு. அவர்கள் சொல்லாது நிறுத்தும் இடத்தில் தாமும் நிற்பது அதனினும் பெரிய தொண்டு. இவ்விரண்டையும் இளையோர் கைக்கொள்ள இறைவன் திருவருள் துணைநிற்பதாக.