சஷ்டியின் முதல் மூன்று நாட்கள்



முருகப்பெருமானின் திருவடிகளை வணங்கி, நமது ஆலயத்தின் இந்த ஆண்டு மலரிலே கந்தசஷ்டி விரதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றேன். விரதத்தினால் வரும் பலன்களைப் பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். ஆனால் விரதம் தொடங்கிய ஓர் அடியார் இரண்டாம் நாள் மாலையில், மழையில் நனைந்தபடி மலையிலிருந்து இறங்கி, கூடையை வைத்துவிட்டு இஸ்தோப்பில் வந்து உட்காரும்போது படுகின்ற பாட்டைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பலருடைய விரதம் முறிந்து போவது அந்த இடத்திலேதான். ஆறாம் நாள் சூரன்போருக்கு ஊரே திரண்டு வருகிறது. முதல் நாள் காப்புக் கட்டியவர்களில் எத்தனை பேர் கடைசிவரை நின்றார்கள் என்பது அவரவர் மனதுக்கு மட்டுமே தெரியும். ஆகவே விரதத்தின் ஆரம்ப நாட்களைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம்.

தீபாவளி முடிந்த கையோடு

கந்தசஷ்டி விரதம் ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த பிரதமையில் தொடங்குகிறது. அதாவது தீபாவளி முடிந்த கையோடு தொடங்குகிறது. தோட்டத்தில் தீபாவளி எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முற்பணம் எடுத்து, பிள்ளைகளுக்குப் புதுத்துணி வாங்கி, கொழும்பிலே வேலை செய்கின்ற பிள்ளைகளும் வந்து சேர, வீட்டுக்கு வீடு இறைச்சி வேகும். வருடம் முழுவதும் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் தின்ற வாய்க்கு அன்றுதான் பெருநாள். அந்தக் கறியின் வாசம் குசினியை விட்டுப் போவதற்கு முன்பே, "இன்றிலிருந்து ஆறு நாள் சைவம்" என்று சங்கற்பம் செய்துகொள்கிறோம்.

நாக்கு சும்மா இருக்குமா? முதல் நாள் உற்சாகத்திலே போய்விடும். இரண்டாம் நாள் தலை கனக்கும், கோபம் வரும். மூன்றாம் நாள் அடுத்த காம்பராவிலே கருவாடு பொரிக்கின்ற வாசம் வந்தால் கண்ணிலே நீர் வந்துவிடும். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். விரதம் இருந்து பழகிய பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் மூன்று நாளைத் தாண்டினால் மீதி தானாகவே நடக்கும் என்றுதான் அநேகமானோர் சொல்வார்கள்.

தலைவலி ஏன் வருகிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. பசி மட்டும் காரணமில்லை. நாளைக்கு ஐந்தாறு தடவை தேத்தண்ணீர் குடித்துப் பழகிய உடம்பு நம்முடையது. தேயிலையிலே உள்ள கஃபீன் என்னும் பொருள் திடீரென்று நின்றுபோனால், ஓரிரு நாளிலே தலையிடி கிளம்பும். சில நாட்களில் அது தானாகவே தணிந்துவிடும். இது தெரியாமல், "சாமிக்கு என் விரதம் பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று பயந்து விரதத்தை விட்டவர்களும் உண்டு. தீபாவளிக்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வந்தால் இந்தத் துன்பம் பெரிதும் குறையும்.

நாவலர் பெருமான் காட்டிய வழி

யாழ்ப்பாணம் நல்லூரிலே 1822ஆம் ஆண்டு பிறந்து சைவத்தைக் காத்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள், தமது சைவ வினாவிடையிலே விரதங்களைப் பற்றி விளக்கியிருக்கின்றார். மனம் புலன்களின் பின்னே ஓடாதிருப்பதற்காகவே உணவு விலக்கப்படுகிறது என்பதும், உணவை முற்றாக விடலாம் அல்லது சுருக்கிக்கொள்ளலாம் என்பதும், அதனோடு கூட மனத்தாலும் வாக்காலும் காயத்தாலும் வழிபாடு நடைபெற வேண்டும் என்பதும் அவர் சொன்னதன் சாரம். ஆறு நாளும் உபவாசம் இருக்க இயலாதவர்கள் முதல் ஐந்து நாளும் ஒருவேளை உண்டு, சஷ்டியன்று உபவாசம் இருக்கலாம் என்ற முறையையும் நமது பெரியோர் வைத்திருக்கிறார்கள்.

இதிலே இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பட்டினி கிடப்பது மட்டும் விரதமாகாது. இரண்டு, அவரவர் உடம்புக்கும் தொழிலுக்கும் ஏற்ற படிகள் நமது சமயத்திலேயே உண்டு. சரிவான மலையிலே, அட்டைக் கடியிலும் மழையிலும், கூடையைச் சுமந்து கொழுந்து பறிக்கின்ற ஒரு தாய் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மயங்கி விழ வேண்டும் என்று வேலவன் ஒருபோதும் கேட்கவில்லை.

ஒரு மகன் தாய்க்குக் கொடுத்த வாக்கு

புதிய உணவு முறையின் ஆரம்ப நாட்கள் எவ்வளவு கடினமானவை என்பதற்கு மகாத்மா காந்தியடிகளின் வாழ்க்கையிலே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலங்கைக்கு வந்த அவர், நமது மலைநாட்டுக்கும் வந்து, மதுவை விட்டுவிடுங்கள் என்று தோட்டத் தொழிலாளர்களிடம் கேட்டுக்கொண்டார். அப்படிக் கேட்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. ஏனென்றால் தமது நாக்கோடு அவர் இளவயதிலேயே போராடியிருந்தார்.

1888ஆம் ஆண்டு, பதினெட்டு வயதிலே, சட்டம் படிப்பதற்காக அவர் இலண்டனுக்குப் புறப்பட்டார். தாயார் புத்லிபாய்க்கு மகனை அனுப்ப மனமில்லை. ஒரு சமணத் துறவியின் முன்னிலையில், மது, மாமிசம், பிற பெண்களின் தொடர்பு ஆகிய மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் வாக்குக் கொடுத்த பிறகுதான் அந்தத் தாய் விடைகொடுத்தார்.

இலண்டனிலே அவருடைய முதல் நாட்கள் எப்படி இருந்தன? தங்கிய வீட்டிலே உப்பும் காரமும் இல்லாமல் அவித்த கீரையும் பாணும் கிடைக்கும். அது தொண்டையிலே இறங்காது. இரண்டு மூன்று துண்டுப் பாணுக்கு மேல் கேட்பதற்கு வெட்கம். வயிறு நிறையாமல் எழுந்திருப்பார். "படிப்பறிவில்லாத தாய்க்குக் கொடுத்த வாக்கை இந்த நாட்டிலே காப்பாற்றுவதால் என்ன பயன்?" என்ற கருத்திலே நண்பர் ஒருவர் வாதாடினார், புத்தகம் வாசித்துக் காட்டினார். காந்தியடிகளுக்கு அந்த வாதத்துக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் வாக்கு வாக்குதான் என்று நின்றுவிட்டார். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து, மரக்கறி உணவுக்கடை எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினார். கடைசியிலே ஃபாரிங்டன் வீதியிலே ஒரு கடையைக் கண்டபோது, விரும்பிய பொருள் கையிலே கிடைத்த குழந்தையைப் போல மகிழ்ந்தார். இங்கிலாந்துக்கு வந்த பிறகு வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். அந்தக் கடையிலேயே மரக்கறி உணவின் நன்மையைக் கூறும் ஹென்றி சால்ட் என்பவரின் நூலொன்றையும் வாங்கினார். அதுவரை தாய்க்காக விட்டிருந்த மாமிசத்தை, அதன் பின் தமது சொந்த விருப்பத்தோடேயே விட்டார்.

சில காலம் போனபின், முன்பு தொண்டையிலே இறங்காத அதே அவித்த கீரை அவருக்கு ருசித்தது. கீரை மாறவில்லை, நாக்கும் மாறவில்லை. மனம் மாறிவிட்டது. ருசியின் இருப்பிடம் மனமே என்று அவர் கண்டுகொண்டார். விரதம் இருக்கின்ற நமக்கும் இதுதான் பாடம். முதல் மூன்று நாளும் நாக்கு கேட்பது பழக்கத்தைத்தான். பழக்கம் கொஞ்சம் காத்திருந்தால் வழிவிடும். அதுவரை நம்மைத் தாங்கிப் பிடிப்பது நமது உடல் பலமல்ல, நாம் யாருக்குக் கொடுத்த வாக்கோ அவர்மேல் வைத்த அன்பு.

அரைப்பேர் போடாத சாமி

என் இளவயதுக் கதை ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாகச் சஷ்டி விரதம் பிடித்தபோது எனக்குப் பதினாறு வயது. மூன்றாம் நாள் மாலை, கூட்டாளி வீட்டிலே, பழக்க தோஷத்தில் சம்பலைத் தொட்டு ரொட்டியைத் தின்றுவிட்டேன். பாதி தின்ற பிறகுதான் சம்பலிலே மாசி இருப்பது நாக்குக்குத் தெரிந்தது. அப்போதாவது நிறுத்தினேனா? இல்லை. "போனது போகட்டும்" என்று மீதியையும் தின்றேன். வீட்டுக்கு வந்து அம்மாயியிடம், "எல்லாம் போச்சு அம்மாயி, இனி எதுக்கு விரதம்? ராத்திரிக்குக் கருவாடே ஆக்கு" என்றேன்.

அம்மாயி திட்டவில்லை. "அரைநாள் வேலை செஞ்சா அரைப்பேரு போடுறது கணக்கப்பிள்ளைடா. முருகன் அப்படிப் பேரு போடமாட்டான். போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, விளக்கைப் பொருத்திட்டு, இந்த நேரத்திலயிருந்து ஆரம்பி" என்றார்.

அன்றிரவு அம்மாயி எனக்காகத் தானும் கருவாடு தின்னவில்லை. அந்த வருடம்தான் நான் சூரன்போரை முழு மனதோடு பார்த்தேன். தவறிப் பாதி தின்றது சிறிய பிழை. "எல்லாம் போச்சு" என்று மீதியையும் தின்றதுதான் பெரிய பிழை. விரதத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது பிழையே.

சட்டியில் இருந்தால்

"சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்" என்பது பழமொழி. சஷ்டியில் விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்று இதற்குப் பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். குசினிக்கும் இது பொருந்தும். கருவாடு சட்டியிலே இருந்தால் அகப்பையிலும் வரும். ஆகவே பிரதமைக்கு முன்பே மிச்சக் கறியை முடித்து, சட்டி பானைகளைத் துலக்கி, கருவாட்டையும் மாசியையும் கண்ணில் படாத இடத்திலே கட்டி வைத்துவிடுங்கள். மாசி இல்லாத சம்பல், பருப்பு, சோயா, கிழங்கு, தோட்டத்துக் கீரை என்று ஆறு நாளுக்கும் என்ன ஆக்குவது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பசி வந்த பிறகு யோசித்தால் பழைய பழக்கமே வெல்லும்.

வீட்டிலே ஒருவர் விரதம் என்றால் மற்றவர்களும் துணை நிற்க வேண்டும். ஐயா விரதம், அம்மா அவருக்கு ஒரு சட்டி, பிள்ளைகளுக்கு இன்னொரு சட்டி என்று, மலையிலே வேலை முடித்து வந்தும் இரண்டு சமையல் செய்கின்ற நிலைமை சரியல்ல. அந்த ஆறு நாளும் வீடே சைவமாக இருந்தால் அம்மாவின் பாரமும் குறையும், ஐயாவின் விரதமும் நிற்கும். மாலையிலே ஆலயத்துக்கு வாருங்கள். தனியாக இருக்கும்போது கத்துகின்ற வயிறு, கூட்டுப் பிரார்த்தனையிலே அடங்கிவிடும்.

நோயாளர்களுக்கு ஒரு வார்த்தை. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், ஊசி போடுபவர்கள், கர்ப்பிணித் தாய்மார், பாலூட்டுபவர்கள் ஆகியோர் வைத்தியரைக் கேட்காமல் பட்டினி இருக்க வேண்டாம். மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்திலே சீனி அளவுக்கு மீறிக் குறைந்து உயிருக்கே ஆபத்து வரலாம். நேரத்துக்குச் சைவ உணவு உண்டு, கோபத்தையும் புறங்கூறுதலையும் விட்டிருப்பதும் விரதமே. உப்பைக் குறை, சீனியைக் குறை என்று கிளினிக்கிலே சொல்லி அனுப்பினால், அதையும் முருகன் கொடுத்த விரதமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் ஆரம்ப நாட்கள் கசக்கும், பிறகு பழகும்.

ஏழாம் நாள்

கடைசியாக ஒன்று. கந்தபுராணத்திலே சூரபன்மன் பல உருவம் எடுத்தான். இறுதியிலே மாமரமாகி நின்றான். எம்பெருமானின் வேல் அதை இரண்டாகப் பிளந்தது. பிளந்த கூறுகள் மயிலும் சேவலுமாயின. கருணைக்கடலான கந்தன் அவற்றை அழிக்கவில்லை. மயிலை வாகனமாக்கினான், சேவலைக் கொடியாக்கினான்.

நமது நாக்கின் ஆசையும் அப்படித்தான். அதுவும் பல உருவம் எடுத்து வரும். அதை அழித்துவிட வேண்டும் என்று இல்லை. நமக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்ததைக் கீழே இறக்கி, நாம் சொன்னபடி நடக்க வைத்தால் போதும்.

ஆனால் ஏழாம் நாள் பாரணை முடிந்த கையோடு போத்தலைத் திறந்தால், மயில் மீண்டும் சூரனாகிவிடும். ஆறு நாள் குடிக்காமல் இருந்த தகப்பனைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று அந்தப் பிள்ளையின் மனம் கணக்குப் பார்க்கிறது. கடினமான முதல் மூன்று நாளை நீங்கள் ஏற்கனவே தாண்டிவிட்டீர்கள். தாண்டிய ஆற்றை மறுபடியும் ஏன் இறங்கிக் கடக்க வேண்டும்? ஏழாம் நாளையும் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்காக எண்ணி நில்லுங்கள்.

வருகின்ற சஷ்டியிலே காப்புக் கட்டும் அடியார் எல்லோருக்கும் வேலவன் மனத்திடம் தந்து, நோயற்ற வாழ்வும், நிறைந்த இல்லமும் அருள வேண்டுமெனப் பிரார்த்திக்கின்றேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

சுபம்