வேண்டாம் என்றால் வேண்டாமா?

பின்லாந்து போய்ச் சேர்ந்த முதல் நாள் இரவு பசியோடுதான் படுத்தேன். மேசையில் உருளைக்கிழங்கும் ரை ரொட்டியும் நிறையவே இருந்தன. அந்த வீட்டு அம்மா "இன்னும் வேணுமா?" என்று கேட்டார். "வேண்டாம், போதும்" என்றேன். நம் வீடுகளில் அது பதிலே இல்லை. இரண்டாவது தடவை கேட்பார்கள், மூன்றாவது தடவை கேட்காமலேயே தட்டில் விழும். இவரோ தலையாட்டிவிட்டுப் பாத்திரத்தை மூடி எடுத்து வைத்துவிட்டார்.

பரிமாற்ற மாணவனாக ஓராண்டு பொறியியல் படிக்கத் தம்பெரே நகருக்குப் போனபோது, அந்தக் குடும்பத்தோடுதான் தங்கியிருந்தேன். "இவங்களுக்குப் பாசமே இல்லம்மா" என்று வாட்ஸ்அப்பில் புலம்பினேன். பிறகுதான் புரிந்தது. அவர்கள் என் சொல்லை அப்படியே நம்பினார்கள். பொய் சொன்னவன் நான்.

சாப்பாட்டு விஷயம் சிரிப்போடு போய்விட்டது. டிசம்பரில் வந்தது சிரிப்பதற்கில்லை.

ஈப்போவில் பாட்டி 10 நாள் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். வீடியோ காலில் நான் கேட்டபோதெல்லாம் "பாட்டி தூங்குறாங்கப்பா" என்றே சொன்னார் அம்மா. எனக்குப் பரீட்சை நேரம். படிப்பு கெட்டுவிடக் கூடாது என்று எல்லாரும் சேர்ந்து மறைத்துவிட்டார்கள். எனக்குச் செய்தி வந்தபோது தகனமே முடிந்திருந்தது.

அன்று மாலை 3 மணிக்கே வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்து அந்த வீட்டு அம்மா "எல்லாம் சரியா?" என்றார். "ஓகே" என்றேன். நம்பிவிட்டார். இன்னொரு தடவை கேட்டால்தான் என்னவாம் என்று கோபம் வந்தது. அறைக்குள் போய் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எந்தப் பொய்க்காக அம்மா மேல் கோபப்பட்டேனோ, அதையேதான் நானும் சொல்லியிருந்தேன்.

குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்கிறார் வள்ளுவர். இதை நாம் வசதியாகப் பிடித்துக்கொள்கிறோம். அது நன்மைதான் என்று முடிவு செய்வது யார்? அம்மா என் பரீட்சையைக் காப்பாற்றினார். பாட்டியிடம் கடைசியாக ஒரு வார்த்தை பேசும் வாய்ப்பு போய்விட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு 10 நாள் என்னிடம் சிரித்துப் பேசியவர் அம்மா. அதை அன்பு இல்லை என்று யார் சொல்வது? ஆனாலும் அன்பாகச் சொன்ன பொய் என்பதற்காகவே அது குற்றமற்றதாகிவிடாது.

அடுத்த சனிக்கிழமை சௌனா. சுமார் 55 லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டில் 30 லட்சத்துக்கும் மேல் இந்த நீராவி அறைகள் இருக்கின்றன. தேவாலயத்தில் இருப்பதைப் போலச் சௌனாவில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. அங்கேதான் அந்த வீட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சூடான கற்கள் மேல் ஓர் அகப்பை தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டி பேர் என்ன?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 24-ஆம் தேதி என்னையும் மயானத்துக்கு அழைத்துப் போனார்கள். அன்று தங்கள் முன்னோர் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவது அவர்கள் வழக்கம். பனி முழுக்க வெளிச்சம். வேறு ஊர்களில் அடக்கமானவர்களை நினைத்து விளக்கேற்றவும் அங்கே ஓர் இடம் இருந்தது. அங்கே நிறுத்தி என் கையில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு முதல் நாள் தாத்தாவுக்குப் படையல் போட்டு விளக்கேற்றும் பாட்டிதான் நினைவுக்கு வந்தார். நான் "ஓகே" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், இப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

மூன்று தடவை கேட்பது நம் பண்பு. அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் மூன்றாவது தடவை கேட்டால்தான் உண்மை வரும் என்று நாம் பழகிவிட்டால், ஒரே தடவை கேட்பவர்கள் நடுவில் தனியாகிவிடுவோம். விடுதியில் தங்கிப் படிக்கும் நம்மில் எத்தனை பேர் இன்று "ஓகே" என்று சொல்லியிருப்போம்?

இப்போது எனக்கும் அம்மாவுக்கும் ஓர் ஒப்பந்தம். நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். காலையில் "பசியாறியாச்சா?" என்று கேட்பார். இல்லையென்றால் இல்லை என்கிறேன். திட்டு விழுகிறது. விழட்டும்.