பட்டரவாக்கம்

மழை. கொரட்டூர் ஏரிப் பக்கமிருந்து தவளைச் சத்தம். டிவியில் ‘மை டியர் பூதம்’. 2022-இல் என். ராகவன் இயக்கியது. மொட்டைத் தலையும் குடுமியுமாகப் பிரபுதேவா. சிலையாய்க் கிடந்த பூதத்தை ஒரு பள்ளிக்கூடப் பையன் விடுவிக்கிறான். பூதம் ஊர் திரும்ப அவன் வாயால்தான் ஒரு மந்திரம் சொல்ல வேண்டும். அவனுக்குத் திக்குவாய். பெயர் திருநாவுக்கரசு.

அப்பரின் பெயர். குறும்பா, குரூரமா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.

*

எனக்குப் ‘ப’ வராது. உதடு ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் ‘பிரசன்ட் சார்’ சொல்வதற்குள் அடுத்த இரண்டு பெயர் போயிருக்கும்.

வீடு பட்டரவாக்கத்தில். வில்லிவாக்கம் கவுண்டரில் நிற்கும்போது ‘அம்பத்தூர்’ என்பேன். ஒரு ஸ்டேஷன் தள்ளி டிக்கெட் எடுத்து, முன்னாலேயே இறங்கிவிடுவேன். பல வருடம் இப்படித்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

*

சின்ன வயதில் பார்த்த பூதம் வேறு. 1967-இல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’, ஜாவர் சீதாராமன். தெருப் பையன்கள் சேர்ந்து ‘ஜீபூம்பா’ என்று கத்துவோம். கூட்டத்தோடு கத்தினால் திக்காது. பாடினாலும் திக்காது. திக்குவாய்க்காரர்களுக்கு இது தெரியும். அந்தப் படத்தின் பெயரை மட்டும் தனியாகச் சொல்லச் சொன்னால் போச்சு. இரண்டு ‘ப’.

அந்தப் பூதம் கேட்டதைக் கொடுத்தது. இந்தப் பூதம் காத்துக்கொண்டு நிற்கிறது. அவ்வளவு சக்தி இருந்தும் ஒரு பையனின் வாயையே பார்த்துக்கொண்டு. அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். அம்மா. நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு திணறும்போது அவள் உதடும் லேசாகக் குவியும். சொல்லை எடுத்துக் கொடுக்க மாட்டாள். குவித்தபடி இருப்பாள்.

*

படம் நடுவில் ரொம்ப இழுக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. மந்திரம் திக்காமல் வந்தால்தான் விடுதலை என்பதுதான் ஒப்பவில்லை. திக்கிச் சொன்னால் மந்திரமாகாதா? பூதத்துக்கு அவ்வளவு அவசரமா?

*

இப்போது டிக்கெட்டைப் போனிலேயே எடுத்துவிடலாம். வாயைத் திறக்க வேண்டியதில்லை. சௌகரியம்தான்.

மறுநாள் சாயங்காலம் வில்லிவாக்கத்தில் வரிசையில் நின்றேன். ‘பட்டரவாக்கம்’. மூன்றாவது தடவையில் வந்தது. பின்னால் நின்றவர் வாட்சைப் பார்த்தார். டிக்கெட் ஐந்து ரூபாய்.