பொய்ச் சிகிச்சையும் சத்தியமும்

சத்தியத்தை நாடுகிறவன் அதனை அடையும்பொருட்டு ஒரு பொய்த் தோற்றத்தைக் கைக்கொள்ளலாமா என்பது குருக்ஷேத்திரத்தில் தருமபுத்திரர் அசுவத்தாமனைப் பற்றிச் சொன்ன அரைப்பொய்யின் காலத்திலிருந்தே நம் சான்றோரின் உள்ளத்தை உறுத்திவரும் கேள்வி. இரத்தக் கொதிப்புக்குச் செய்யப்படும் ஒரு நவீன சிகிச்சையின் சரித்திரம் அதே கேள்வியை மீண்டும் நம்முன் வைக்கிறது.

சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் வெளிப்புறத்தைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் பரிவு நரம்புகளின் வழியே மூளை விடுக்கும் தூண்டுதல் மிகும்போது, சிறுநீரகம் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, ரெனின் என்னும் பொருளையும் சுரந்து, இரத்த அழுத்தத்தை உயர்த்திவிடுகிறது. பல மருந்துகளை உட்கொண்டும் கொதிப்பு அடங்காதவர்களுக்குத் தொடையிடுக்கில் சிறு துளையிட்டு, மெல்லிய கதீட்டர் குழாயைத் தமனி வழியாகச் செலுத்தி, ரேடியோ அலைகளின் வெப்பத்தால் அந்த நரம்புகளைச் சுட்டு அடக்கும் முறையை ஹென்றி க்ரம், மரே எஸ்லர் முதலிய மெல்போர்ன் மருத்துவர்கள் 2009-இல் உலகுக்கு அறிவித்தனர். மறு ஆண்டு வெளியான 106 பேரின் பரிசோதனையில், சிகிச்சை பெற்றவர்களின் மேல் அழுத்தம் ஆறு மாதத்தில் 32 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, பெறாதவர்களுக்கு இறங்கவேயில்லை.

ஆயினும், தமக்குச் சிகிச்சை நடந்தது என்பதை அறிந்தவர்களின் உடலே அங்கே சாட்சி சொன்னது. அத்தகைய சாட்சியை மட்டும் நம்புவதால் விளையும் தீங்கை வைத்திய சாஸ்திரம் முன்பே கண்டிருந்தது. 1930-களின் இறுதியிலிருந்து ரெஜினால்ட் ஸ்மித்விக் முதலிய அமெரிக்க அறுவை வைத்தியர்கள் இதே நரம்பு மண்டலத்தின் பகுதிகளை வெட்டி நீக்கியபோது, பலருடைய அழுத்தம் தணிந்தது உண்மை. ஆனால் எழுந்து நின்றாலே தலை சுற்றும் துன்பமும் பலரைப் பற்றிக்கொண்டது. பெரிய அறுவை ஒன்றைப் பொறுத்துக்கொண்ட அவர்கள் பெற்ற நன்மையில் கத்தியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் பரிசோதனை அந்நாளில் நடைபெறவில்லை.

இந்தக் குறையை நீக்கும்பொருட்டு அமெரிக்காவில் 535 நோயாளிகளைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2014-இல் வெளிவந்தது. அனைவரும் ஒரே வகை மேஜையில் படுத்தனர். அனைவருக்கும் தமனியில் குழாய் செலுத்திப் படம் எடுக்கப்பட்டது. அரைமயக்கம் தரும் மருந்தினாலும், கண்களை மறைத்த துணியினாலும், காதில் ஒலித்த சங்கீதத்தினாலும், தமக்கு நிகழ்வது இன்னதென்று அறியாதபடி அவர்கள் கிடந்தனர். 364 பேருக்கு நரம்புகள் சுடப்பட்டன. 171 பேருக்கு அதற்குமேல் ஒன்றும் செய்யப்படவில்லை. ஆறு மாதம் கழித்து அளந்தபோது முதல் பிரிவினரின் அழுத்தம் 14.13 மில்லிமீட்டரும், பொய்ச் சிகிச்சை பெற்றவர்களின் அழுத்தம் 11.74 மில்லிமீட்டரும் இறங்கியிருந்தன. பெரும் நம்பிக்கையோடு எழுந்த சிகிச்சை அன்று தன்னை நிரூபித்துக்கொள்ளவில்லை.

குணப்படுத்தும் எண்ணமின்றி ஒருவருடைய தமனியைத் துளைத்து, குணப்படுத்தியதுபோன்ற தோற்றத்தை உண்டாக்குவது வஞ்சனையாகாதா? இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது; துளையும் அதனால் நேரக்கூடிய அபாயமும் மெய்யானவை. ஆனால் தருமபுத்திரரின் சொல்லை நம்பி ஆயுதத்தைக் கீழே வைத்த துரோணர், தாம் ஏமாற்றப்படுவதற்குச் சம்மதித்தவர் அல்லர். இந்த 171 பேரோ, மூவரில் ஒருவருக்குச் சிகிச்சை கிட்டாது என்பதையும், அவ்வொருவர் தாமாகவே இருக்கலாம் என்பதையும் முன்னரே கேட்டறிந்து, அறிந்துகொள்ளும் உரிமையை ஆறு மாத காலத்துக்குத் துறக்கத் தாமே இசைந்தவர்கள். அழுத்தத்தை அளந்தவர்களும், யார் எப்பிரிவினர் என்று அறியாமலே அளக்கும் கட்டுப்பாட்டை மேற்கொண்டனர். இப்படி அனைவரும் கூடி ஏற்கும் அறியாமை ஒரு விரதத்தின் தன்மையை உடையது. இசைவு பெறாத பொய் மனிதனை வெறுங் கருவியாக்குகிறது. இசைந்து ஏற்ற அறியாமையோ அவனைச் சத்தியத்தைத் தேடும் பணியில் பங்காளியாக்குகிறது.

பொய்ச் சிகிச்சையாலும் அழுத்தம் இறங்கியதைக் கண்டு, நம்பிக்கையின் அற்புதம் என்று பக்தர்கள் மகிழ வேண்டியதில்லை. உச்சத்தில் அளந்த அளவு தானே தணிவதும், கண்காணிக்கப்படுகிறோம் என்ற நினைவால் மருந்தை ஒழுங்காக உட்கொள்வதும் அந்த இறக்கத்தில் கலந்திருக்கக்கூடும். எனினும், மனிதனின் சித்தத்துக்கும் சரீரத்துக்கும் இடையிலுள்ள உறவு குழாயாலும் வெப்பத்தாலும் மட்டும் அளந்து முடிக்கக்கூடியதன்று என்ற அடக்கத்தையும் அது கற்பிக்கத்தான் செய்கிறது.

தோல்வியால் மனம் தளராத ஆராய்ச்சியாளர்கள் கருவியையும் முறையையும் திருத்தி, மறுபடியும் பொய்ச் சிகிச்சையோடு ஒப்பிட்டே சோதித்து, அளவில் சிறிதாயினும் உறுதியான பலனைக் கண்டனர்; 2023 நவம்பரில் அமெரிக்க அரசு இந்நரம்புகளை அடக்கும் கருவிகள் இரண்டுக்கு அங்கீகாரம் அளித்தது. முப்பத்திரண்டு என்ற மயக்கும் எண்ணைக் கைவிட்டுச் சில மில்லிமீட்டர்களே ஆன மெய்யை ஏற்கும் துணிவை வைத்தியத்துக்கு அளித்தவர்கள், தமக்கு யாதொரு பயனும் நிச்சயமில்லாதிருந்தும் அம்மேஜையில் படுத்த அந்நோயாளிகளே. பிறர்பொருட்டு அறியாமையை ஏற்ற அச்செயலை அறம் என்று அழைப்பதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை.