தேவைப்பட்டதில்லை

ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு, அது பொய்யென்று பிறகு தெரிந்தும், அதைத் திருத்திச் சொல்ல வழி தெரியாதவனாகச் சில மாதங்களைக் கழித்துவிட்டேன். வார்த்தை சாமானியமானது, கேட்டவள் அன்றைக்கே மறந்திருப்பாள்.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த, இன்டர்நெட் தொடர்பில்லாத ஒரு சர்வரில், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 17-ஆம் பதிப்பைச் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ய உட்கார்ந்தோம். முதலில் ஓடும் கான்ஃபிகர் என்ற நிரல், கம்பைலர் இருக்கிறதா, இன்ன லைப்ரரி இருக்கிறதா என்று வரிவரியாகத் தானே கேட்டு, 'உண்டு', 'உண்டு' என்று தானே விடையும் எழுதிக்கொண்டு போவதை இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அன்று, பைசன் என்ற பெயருக்கு நேரே 'இல்லை' என்று விழுந்தது. நிரல் அங்கேயே நின்றுவிட்டது.

வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண் பக்கத்தில் இருந்தாள். "அப்போ இத்தனை வருஷமா பைசன் இல்லாம எப்படி சார் கம்பைல் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"முன்னெல்லாம் அது தேவைப்பட்டதில்லைம்மா" என்றேன்.

பிறகு நடந்ததில் விசேஷம் ஒன்றுமில்லை. வேறொரு கணினியில் பைசனை இறக்கி இங்கே கொண்டுவந்தால், எம்4 என்ற மற்றொன்று இல்லாமல் நான் அமரமாட்டேன் என்றது, அதையும் கொண்டுவந்தோம், அடுத்து ஃபிளெக்ஸ் என்ற இன்னொரு கருவி இல்லையென்று கான்ஃபிகர் நின்றது, அதையும் வைத்தோம். அரைமணி நேர வேலை. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் அந்த 'தேவைப்பட்டதில்லை' வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டது.

தேவைப்பட்டதில்லை என்பது உண்மைதானா? நாம் எஸ்க்யூஎல்லில் எழுதும் ஒரு கேள்வியைப் போஸ்ட்கிரெஸ் புரிந்துகொள்வதற்கான இலக்கணம், 10,000 வரிகளுக்கு மேற்பட்ட ஒரே கோப்பில் இருக்கிறது. அந்த இலக்கணத்தைப் படித்து, அதைச் சி மொழி நிரலாக மாற்றித் தருவதுதான் பைசனின் வேலை. அந்த வேலை நடவாமல் உலகத்தில் எந்த போஸ்ட்கிரெஸும் ஓடியதில்லை. 16-ஆம் பதிப்பு வரையில், வெளியீட்டைத் தயாரித்தவர்கள் தங்கள் இடத்திலேயே பைசனை ஓட்டி, அது எழுதிய சி கோப்பையும் பொட்டலத்தில் சேர்த்தே அனுப்பிவந்தார்கள். 17-இலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே என் கணினியில் பைசன் இல்லாதிருந்ததே தவிர, என் காரியத்தில் அது இல்லாதிருந்ததில்லை. நான் உறங்கும் நேரத்தில் யாரோ எனக்காக ஒரு காரியத்தை முடித்து வைக்க, முடிந்த காரியத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, அந்தக் காரியமே அவசியமில்லை என்று ஒரு சிறுபெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.

என் சிறுவயதில் எங்கள் தெருவில் "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று ஓர் அம்மாள் மாதம் ஒருமுறை குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். அரைத்து அரைத்து வழவழப்பாகிப்போன அம்மியைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போட்டு, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, உளியைச் சாய்த்துப் பிடித்து அவள் தட்டத் தொடங்கினால், கல்லின் மேல் புள்ளி புள்ளியாக வெண்மை பூத்துக்கொண்டு வரும். அவள் போன பிறகு அம்மா ஒரு பிடி நொய்யை அந்த அம்மியில் அரைத்து, சாம்பல் நிறமாகிய அந்த விழுதை வழித்துக் கொட்டிவிட்டு, கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். மறுநாள் துவையல். அந்தத் துவையலின் ருசிக்கு அம்மாவைத் தவிர வேறொருவர் காரணமாக இருக்கக்கூடும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அன்று யாராவது கேட்டிருந்தால், துவையலுக்கு உளி தேவைப்பட்டதில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

உளி மழுங்கினால் அவள் தெருக்கோடியில் இருந்த கொல்லுப்பட்டறைக்குப் போவாள். உலையில் சிவந்த உளியின் முனையைக் கொல்லர் குறட்டால் பிடித்து அடித்து, தண்ணீரில் தோய்ப்பார். அந்தச் சீறலைக் கேட்பதற்காகவே நான் அங்கே நிற்பேன். குறட்டை எப்படிச் செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "இன்னொரு குறட்டால பிடிச்சுத்தான்" என்றார். அந்த இன்னொரு குறட்டை? அவர் துருத்தியை மிதிக்கப் போய்விட்டார்.

வெகுநாள் கழித்து, யூதர்களின் பழைய நீதிநூலான பிர்கே அவோத்தில், உலக சிருஷ்டியின் ஆறாம் நாள் அந்தியில், ஓய்வுநாள் தொடங்குமுன் இறைவன் படைத்த அற்புதங்களின் வரிசையில் குறட்டையும் சேர்க்கவேண்டுமென்று சிலர் சொல்வதாகப் படித்தேன். குறடில்லாமல் குறடு செய்ய இயலாதாகையால், முதல் குறடு மனிதன் செய்ததாக இருக்கமுடியாது என்பது அவர்கள் யுக்தி. நம் தர்க்க சாஸ்திரிகள் இப்படி முடிவின்றிப் பின்னே போய்க்கொண்டிருப்பதை அநவஸ்தை என்று தோஷமாகச் சொல்வார்கள். ஆனால் விதையும் முளையும் போன்ற இடங்களில் அதைத் தோஷமென்று தள்ளாமல் ஒப்புக்கொள்வதும் உண்டு. பைசனின் கதையும் அதுவே. தனக்குக் கொடுக்கப்படும் இலக்கணக் கோப்பைப் படிக்கிற பகுதியைப் பைசன், பைசனைக் கொண்டே செய்துகொள்கிறது. அதைச் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ய நினைப்பவருக்கு, முன்பே அது எழுதிவைத்த சி கோப்பு பொட்டலத்திலேயே வருகிறது. போஸ்ட்கிரெஸ் நிறுத்திவிட்ட உபகாரம் ஒரு படி பின்னே போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த உபகாரத்தை ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் நியாயமாகப் பார்க்கவேண்டும். சோர்ஸ் களஞ்சியத்தில் எது இருக்கிறதோ அதுவே பொட்டலத்திலும் இருக்கவேண்டும், வேறொன்றும் இருக்கலாகாது என்பது நோக்கம். அந்த நோக்கம் எவ்வளவு சரியானது என்பதை 2024 மார்ச் மாதம் உலகம் பார்த்தது. போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களில் ஒருவரான ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட், தம் கணினியில் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்து, காரணத்தைத் துருவிக்கொண்டு போய், எக்ஸ்இஸட் என்ற சுருக்குநிரலில் யாரோ ஒளித்து வைத்திருந்த கள்ளவழியைக் கண்டுபிடித்தார். அதைக் கிளப்பிவிடும் துணுக்கு களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருந்தது. பிறர் முடித்துத் தந்ததை ஆராயாமல் வாங்கிக்கொள்வது அபாயம் என்று ஒருவர் சொன்னால், நான் என்ன பதில் சொல்லமுடியும்? அம்மாகூட முதல் விழுதை வழித்துக் கொட்டினாளே. ஆனால் அவள் செய்தது சந்தேகத்தினால் அன்று; கொத்தினால் கல்தூள் இருக்கும் என்று அறிந்து செய்தாள், கொத்தியவளுக்கு ஒரு படி அரிசியும் கொடுத்தாள். எவருடைய உதவியும் வேண்டாமென்று எல்லாவற்றையும் என் கையாலேயே செய்துகொள்வதும், வந்ததையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வதும் ஆகிய இரண்டுக்கும் நடுவில் அவள் எங்கேயோ நின்றாள். அந்த இடம் எனக்கு அகப்படவில்லை.

உபயோகத்துக்குப் போகும் சர்வரில் கம்பைல் செய்யும் கருவிகள் தங்கக்கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. காரியம் முடிந்ததும் பைசனையும் ஃபிளெக்ஸையும் எம்4-ஐயும் நீக்கிவிட்டோம். டேட்டாபேஸ் இன்று வரை ஒரு குறையுமின்றி ஓடுகிறது; இனி அந்த சர்வரை யார் சோதித்துப் பார்த்தாலும், பைசன் அங்கே அகப்படாது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அன்றைக்குச் சொன்னது தவறம்மா, வேறு யாரோ செய்து வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்ததுண்டு. யார் சார் என்று கேட்பாள். பைசனை ஓட்டியவரைச் சொல்வதா, பைசனை எழுதியவரைச் சொல்வதா, அதற்கும் முந்தின குறட்டைச் சொல்வதா?

எங்கள் பதிவேட்டில் 'கம்பைல் செய்தவர்' என்று ஒரு பத்தி உண்டு. இருபது வருஷமாக அதில் யோசியாமல் என் பெயரை எழுதிவந்திருக்கிறேன். அடுத்த முறை எழுதும்போது பேனா சிறிது நேரம் நின்றது. பிறகு என் பெயரையே எழுதினேன். வேறு எதை எழுதியிருக்க வேண்டும் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.