ஜெபித்தாயிற்று, டிரைவர் தூங்கினாரா?



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன்னால் வைக்கிறேன். காரில் தூரப் பயணம் புறப்படுகிறோம். ஊக்கமாய் ஜெபிக்கிறோம். ஜெபித்த பிறகும் டயரைப் பார்ப்பது, ஸ்டெப்னியைப் பார்ப்பது, ஓட்டுகிறவர் தூங்கினாரா என்று கேட்பது, இதெல்லாம் அவிசுவாசமா? "ஜெபம் பண்ணியாச்சு, அப்புறம் என்ன சந்தேகம்?" என்று சொல்லுகிறவர்கள் நம் நடுவில் உண்டு. நானே அப்படிச் சொன்னவன்தான். ஆகவே முதலில் என்னுடைய தப்பிதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு நாகர்கோவிலில் ஒரு கல்யாண ஆராதனைக்கு என்னை அழைத்திருந்தார்கள். மணிமங்கலத்திலிருந்து 650 கிலோமீட்டருக்கு மேலே. சபையில் ஒரு தம்பி தன்னுடைய காரில் கூட்டிக்கொண்டு போக முன்வந்தார். ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை, அந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, குளித்துவிட்டு நேரே வந்து நின்றார். "பாஸ்டர், கண்ணு எரியுது. ரெண்டு மணி நேரம் படுத்துட்டுக் கிளம்பலாமா?" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். "கர்த்தர் பெலன் தருவாரு தம்பி, வண்டிய எடுங்க" என்றேன். 91-ம் சங்கீதத்தை வாசித்து, ஜெபித்துப் புறப்பட்டோம்.

படப்பை, ஒரகடம், சிங்கப்பெருமாள் கோயில், அப்புறம் ஜி.எஸ்.டி. ரோடு. பாட்டுப் பாடிக்கொண்டே போனோம். விழுப்புரம் தாண்டினதும் பாட்டு ஓய்ந்தது. நானும் கண் அசந்துவிட்டேன். "இயேசப்பா!" என்று தம்பியின் மனைவி போட்ட சத்தத்தில் விழித்தேன். வண்டி நடுத்திட்டை உரசிக்கொண்டு போகிறது! தம்பி திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். பின்னால் வந்த லாரி மயிரிழையில் விலகிப் போனது. முன் டயர் கிழிந்துவிட்டது. ஸ்டெப்னியை இறக்கினால் அதில் காற்றே இல்லை. அந்தச் சகோதரியின் மடியில் இரண்டு வயதுக் குழந்தை. உளுந்தூர்பேட்டையிலிருந்து பஞ்சர் கடைக்காரர் வருகிற வரைக்கும் வெயிலில் நின்றோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதை அற்புத சாட்சியாகச் சொன்னேன். ஜனங்கள் கைதட்டிக் கர்த்தரை மகிமைப்படுத்தினார்கள். ஆராதனை முடிந்ததும் அந்தச் சகோதரி வந்து மெதுவாகக் கேட்டார்கள்: "பாஸ்டர், கர்த்தர்தான் காப்பாத்தினாரு, ஸ்தோத்திரம். ஆனா கண்ணு எரியுதுன்னு அவரு சொன்னத நீங்க சாட்சியில சொல்லலியே?"

எனக்குப் பதில் இல்லை. விசுவாசம் என்னுடையது என்றேன். அதற்கு அடகு வைத்ததோ அந்தத் தம்பியின் கண்களையும் ஒரு குழந்தையின் உயிரையும்.

பிரியமானவர்களே, வேதம் இதற்கு என்ன சொல்லுகிறது?

முதலாவது, நாம் பயணத்துக்கு முன்னால் வாசிக்கிற அதே 91-ம் சங்கீதத்தைத்தான் சாத்தான் தேவாலயத்து உப்பரிகையில் ஆண்டவரிடம் எடுத்துச் சொன்னான் (மத்தேயு 4:5-7). வாக்குத்தத்தம் மெய்தான். ஆனாலும் ஆண்டவர் குதிக்கவில்லை. அதைத் தேவனைப் பரீட்சை பார்க்கிற காரியமாகவே கண்டார். இறங்குவதற்குப் படி இருக்கும்போது குதிப்பது விசுவாசமல்ல.

இரண்டாவது, எருசலேமுக்குப் பயணப்பட்ட இரண்டு தேவ மனிதர்களைப் பாருங்கள். நெகேமியா ராஜா அனுப்பின குதிரைவீரரோடு போனான் (நெகேமியா 2:9). எஸ்றாவோ ராஜாவிடம் சேவகரைக் கேட்க வெட்கப்பட்டு, அகாவா நதியண்டையில் உபவாசித்தான். "பார்த்தீர்களா, எஸ்றா காவல் கேட்கவில்லையே!" என்பீர்கள். எஸ்றா 8-ம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். மூன்று நாள் தங்கி ஜனங்களைப் பார்வையிட்டான். லேவியர் இல்லையென்று கண்டு ஆள் அனுப்பி வரவழைத்தான். வெள்ளியையும் பொன்னையும் நிறுத்துப் பொறுப்பானவர்கள் கையில் ஒப்புவித்தான். அதற்குப் பிறகே புறப்பட்டான். உபவாசித்தவனும் ஆயத்தம் பண்ணினான்!

மூன்றாவது, புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்று கர்த்தர் கட்டளையிட்டார் (உபாகமம் 22:8). விழுகிறவன் வேறொருவன், இரத்தப்பழியோ வீட்டுக்காரன் மேல். காவலராகிய தேவனே சுவரையும் கட்டச் சொல்லுகிறார். ஏனென்றால் அந்தச் சுவர் அயலானை நேசிக்கிற அன்பு. காற்றடித்த ஸ்டெப்னியும், தூங்கி எழுந்த டிரைவரும் நம்முடைய காருக்குக் கைப்பிடிச்சுவர்.

2022-ம் ஆண்டில் மட்டும் நம் தேசத்தில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மரித்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்லுகிறது. அவர்களில் ஜெபித்துப் புறப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைவிட எனக்கு விசுவாசம் அதிகம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. நாங்கள் தப்பினது கிருபை. அந்தக் கிருபையைச் சாக்காக வைத்து இன்னொரு தடவை அப்படிப் புறப்பட்டால் அது துணிகரம்.

ஆகவே பயணத்துக்கு இரண்டு நாள் முன்பே பிரேக், கூலன்ட், வைப்பர், ஜாக்கி எல்லாவற்றையும் பாருங்கள். ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றைப் பாருங்கள், ஸ்டெப்னியை மறக்காதிருங்கள். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கிற மையம் நம் ஒரகடத்திலேயே இருக்கிறது. ஓட்டுகிறவரின் களைப்பைக் கேட்க நம்மை விட்டால் யார்? பேருந்து, லாரி ஓட்டுகிறவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைதான் என்று 1961-ம் வருஷத்துச் சட்டமே வைத்திருந்தது. சட்டத்துக்கு இருக்கிற இரக்கம் சபைக்கு இருக்க வேண்டாமா?

அதையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். நாலு பேர் முன்னால் பாஸ்டர் கேட்டால், "முடியாது" என்று சொல்ல எந்த விசுவாசிக்கும் வாய் வராது. அந்தத் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். சபையிலும் அந்தச் சாட்சியின் மறுபாதியைச் சொன்னேன். அன்றைக்குக் கைதட்டல் இல்லை. ஆனால் என் உள்ளத்தில் சமாதானம் வந்தது.

நம்முடைய போக்கையும் வரத்தையும் காக்கிற கர்த்தர் உங்கள் பயணங்களை வாய்க்கப்பண்ணுவாராக! ஆமென்.